தருமபுரிப் பற்களும் எனாமல் கணக்கும்

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த என் தலைமுறையினரை முன்பற்களை வைத்தே அடையாளம் கண்டுகொள்ள முடியும். பல்லின் குறுக்கே ஓடும் வெண்கோடுகள், அவற்றின் மேல் படிந்த மஞ்சளும் பழுப்புமான கறை, சிலருக்கு மேற்பரப்பில் சிறு குழிகள். வெளியூரில் படிக்கப் போன நாள் முதல், புகையிலை போடும் பழக்கம் உண்டா என்றும் பல் துலக்குவதில்லையா என்றும் எங்களைக் கேட்காதவர்கள் குறைவு. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கும் பழக்கம் எங்கள் ஊரில் ஆண் பெண் எல்லோருக்குமே இருந்தது. இந்தக் கறைக்கு இப்போது பல வகையான சிகிச்சைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் அவசரப்பட்டு நல்ல பல்லை இழந்துவருவதைப் பார்க்கிறேன். என் வீட்டிலேயே மூன்று பேருக்குப் பல் சிகிச்சை நடந்தபோது உடனிருந்து கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் கறை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் அடியில் இருப்பது கடினப் பாறை. அந்தப் பாறைக் கனிமங்களில் இருக்கும் ஃபுளோரைடு, பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கி நிற்கும் நிலத்தடி நீரில் கரைகிறது. மழை குறைந்து, கிணறுகள் வற்றி, துளைகள் ஆழமாகிக்கொண்டே போனபோது நாங்கள் குடித்தது அந்த நீரைத்தான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம். எங்கள் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அந்த வரம்பு மீறப்பட்டிருந்தது. ஜப்பானிய நிதியுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் சேர்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்யச் சென்ற ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டு, அதன் காரணத்தைத் தேடுவதில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைச் செலவிட்டார். கறை இருந்த பற்களில் சொத்தை குறைவாக இருந்ததையும் அவர் கவனித்தார். குடிநீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்பது 1931இல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் செய்த நீர்ப் பகுப்பாய்வில் உறுதியானது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள், 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஃபுளோரைடு மிகுந்த நீரால் எலும்பும் பல்லும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள்.

சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க, கறை பல்லின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அறிந்தாக வேண்டும். தாடைக்குள் பல் உருவாகும்போது, பல்லின் கடினமான வெளியடுக்கான எனாமலைப் படைக்கும் செல்கள் ஃபுளோரைடு மிகுதியால் தம் வேலையைச் சரிவர முடிப்பதில்லை. அதனால் வெளிப்புறத்தில் மெல்லிய கெட்டியான அடுக்கும், அதற்குக் கீழே கனிமம் குறைந்து நுண்துளைகள் நிறைந்த அடுக்கும் அமைகின்றன. பல் முளைக்கும்போது அந்த இடம் வெள்ளையாகத்தான் தெரியும். பழுப்பு நிறம் பின்னால், உணவிலும் பானங்களிலும் உள்ள நிறப்பொருள்கள் துளைகளுக்குள் ஊறுவதால் வருவது. நிலைத்த பற்களின் எனாமல், ஞானப்பற்களைத் தவிர, ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு ஃபுளோரைடு நீரைக் குடித்தாலும் அந்தப் பற்களில் புதிதாக இந்தக் குறை ஏற்படாது. பல் முளைத்தவுடன் எனாமலைப் படைத்த செல்கள் அழிந்துவிடுகின்றன. ஆகையால் இழந்த எனாமலை உடம்பால் மறுபடி உருவாக்க முடியாது. இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றிலிருந்து பிறப்பதுதான்: அழகுக்காகச் செய்யும் சிகிச்சையானாலும் பழுதுபார்க்கும் சிகிச்சையானாலும், அது எவ்வளவு பல்லைக் கரைக்கிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கறை உள்ளே இருப்பதால் எந்தப் பற்பசையாலும் அதைத் தேய்த்து எடுக்க இயலாது. ஆனாலும் எங்கள் ஊரில் தேய்க்காத பொருள் இல்லை. சாம்பல், அடுப்புக்கரி, செங்கல் பொடி, உப்பு ஆகியவற்றோடு இப்போது கைப்பேசியில் பார்த்து எலுமிச்சைச் சாற்றில் சோடா மாவைக் குழைத்துத் தேய்ப்பதும் சேர்ந்திருக்கிறது. அமிலத்தன்மை கூடக்கூடப் பி.எச். அளவு குறையும்; வாயில் அது சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு அதற்கும் மிகக் கீழே இருப்பது. அமிலத்தில் மிருதுவான பரப்பை உடனே சொரசொரப்பான பொடியால் தேய்த்தால் எனாமல் மெலிந்து, அடியிலுள்ள டென்டின் என்ற பல்லடுக்கின் இயல்பான மஞ்சள் நிறம் மேலும் தெளிவாக வெளியே தெரியும். வெளுக்க வேண்டும் என்று செய்தது பல்லை இன்னும் மஞ்சளாக்கிக் கூச்சத்தையும் கொடுத்துவிடும்.

என் தங்கைக்குத் திருமணம் உறுதியானபோது இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்தது. நாங்கள் முதலில் சென்ற மருத்துவமனையில், மேல் முன்பற்கள் அனைத்துக்கும் கேப் போட்டுவிடலாம், இரண்டு முறை வந்தால் போதும், நிச்சயதார்த்தப் படத்திலேயே வித்தியாசம் தெரியும் என்றார்கள். சொன்னது பொய்யில்லை, வித்தியாசம் தெரிந்திருக்கும். ஆனால் கேப் பொருத்துவதற்காகப் பல்லைச் சுற்றிலும் எவ்வளவு செதுக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. முன்பல்லுக்கு முழு கேப் போடுவதற்கு, வெளியே தெரியும் பல் பகுதியின் எடையில் 63 முதல் 72 விழுக்காடு வரை நீக்கப்படுவதாக 2002இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. அதே ஆய்வில், முன்புறத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீருக்கு நீக்கப்பட்டது, வடிவமைப்பைப் பொறுத்து 3 முதல் 30 விழுக்காடு. சொத்தையோ வலியோ இல்லாத, இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பெண்ணின் பற்களில் மூன்றில் இரண்டு பங்கை நிறத்துக்காக அரைத்துவிடுவது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிச் செதுக்கிய பற்களில் சில பின்னாளில் உள்ளே நரம்பு கெட்டு வேர் சிகிச்சை வரை போகும். எந்தக் கேப்பும் வாழ்நாள் முழுவதும் நிற்பதில்லை. மாற்றும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பல் போகும்.

அடுத்து நாங்கள் சென்றது பல் சீரமைப்பில் நீண்ட அனுபவமுள்ள ஒரு மருத்துவரிடம். அவர் தங்கையின் பற்களை உலர்த்திப் பார்த்து, பல கோணங்களில் படமெடுத்துக்கொண்டு, "இது உங்க தப்பு இல்லைம்மா, உங்க ஊர்த் தண்ணி. அதுக்காக நல்ல பல்லை ஏன் அரைக்கணும்?" என்றார். கறையைத் தொடுவதற்கு முன்னால் ஈறைச் சரிசெய்தார். ஈறு வீங்கி இரத்தம் கசியும் வாயில் எந்த அழகு சிகிச்சையும் ஒழுங்காக ஒட்டாது, நிற்காது. பல் க்ளீனிங் செய்தால் பல் ஆடிவிடும், சந்து விழுந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் நம்புகிறார்கள். உண்மையில் பற்களின் இடையே கல்லாக இறுகிய காரை சந்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்தவுடன் ஏற்கெனவே ஈறு இறங்கியதால் உண்டான இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். காரையை அப்படியே விட்டால் எலும்பு கரைந்து பல் உண்மையாகவே ஆடும். பின்பல் ஒன்றில் இருந்த சிறு சொத்தையையும் அடைத்த பிறகே முன்பற்களுக்கு வந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட வரிசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பல்லை ஒன்றும் நீக்காத முறையில் தொடங்கி, அது போதாத இடத்தில் மட்டும் அடுத்த படிக்குப் போவது என்பதே அது.

முதற்படி வெளுப்பாக்கல். பல்லின் அச்செடுத்துச் செய்த மெல்லிய தட்டில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு களிம்பை வைத்து, இரவில் அணிந்துகொள்ளும் முறை 1989 முதல் மருத்துவ இதழ்கள் வழியே பரவலாகத் தெரியவந்தது. களிம்பு வாயில் மெல்லப் பிரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிட, அது எனாமலின் துளைகளுக்குள் சென்று நிறப்பொருள்களை உடைக்கிறது. பழுப்புக் கறை இதற்கு ஓரளவு இணங்கும். வெண்திட்டு மறையாது, முதல் சில நாட்களில் இன்னும் பளிச்சென்று தெரியவும் கூடும். பிறகு சுற்றியுள்ள பல்லும் வெளுப்பதால் வேறுபாடு குறையும். கூச்சம் வரும், பெரும்பாலும் தற்காலிகமானதுதான். களிம்பை ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்தால் தாங்கிக்கொள்ளலாம். கருவுற்றிருப்பவர்களுக்கு இது வேண்டாம் என்பார்கள். வெளுப்பாக்கல் கேப்பின் நிறத்தையோ, ஏற்கெனவே அடைத்த சிமெண்டின் நிறத்தையோ மாற்றாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகையால் வெளுப்பை முடித்து, சுமார் இரண்டு வாரம் நிறம் நிலைத்த பிறகே நிறத்துக்கு ஏற்ற அடைப்பைச் செய்வார்கள். அந்த இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு: பல்லில் தங்கும் ஆக்சிஜன், அடைப்புக்குப் பயன்படும் ரெசின் என்ற பிசின் இறுகுவதைத் தடுத்து ஒட்டும் வலிமையைக் குறைத்துவிடும்.

அடுத்தது மைக்ரோஅப்ரேஷன். ஈறைப் பாதுகாக்க ரப்பர் திரை கட்டி, செறிவு குறைந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு நுண்துகள் கலந்த பசையைப் பல்லின் மேல் மெதுவாகத் தேய்க்கிறார்கள். இதில் போகும் எனாமல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போல, சில நேரம் அதற்குச் சற்று மேல். மேலடுக்கில் இருக்கும் பழுப்புக் கறைக்கு இது மிக நல்ல பலனைத் தருகிறது. வீட்டில் எலுமிச்சையும் சோடாவும் செய்வதையேதான் இதுவும் செய்கிறது என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். எவ்வளவு ஆழம், எந்த இடம், எப்போது நிறுத்துவது என்ற மூன்றும் மருத்துவரின் கட்டுப்பாட்டில் இருப்பதும், பிறகு ஃபுளோரைடு பூசிப் பல்லை மறுபடி கனிமமேற விடுவதும் சிறிய வேறுபாடுகள் அல்ல.

இதற்கும் அசையாத வெண்திட்டுகளுக்கு ரெசின் ஊடுருவல் என்ற முறையை மருத்துவர் எடுத்தார். ஜெர்மனியில் உருவான இந்த முறையின் தத்துவத்தை அவர் விளக்கியபோது நான் வியந்துபோனேன். உலர்ந்த வெள்ளை வேட்டியில் ஊடே எதுவும் தெரியாது. நனைந்தால், நூல்களின் இடையே காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்து ஒளி சிதறுவது குறைவதால் உடல் தெரியும். பல்லின் வெண்திட்டும் அப்படித்தான். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் எனாமலுக்கு 1.62, துளைகளில் உள்ள நீருக்கு 1.33, காற்றுக்கு 1. இந்த வேறுபாட்டால் ஒளி சிதறி இடம் வெள்ளையாகத் தெரிகிறது. கெட்டியான மேலடுக்கை 15 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலக் களிம்பால் திறந்து, எத்தனால் விட்டு உலர்த்தி, ஒளிவிலகல் எண் சுமார் 1.5 உள்ள நீர்த்த ரெசினைத் துளைகளுக்குள் இழுக்கவிட்டு ஒளிபாய்ச்சி இறுக்கினால், திட்டு சுற்றியுள்ள எனாமலோடு கலந்துவிடுகிறது. மயக்க ஊசி இல்லை, துளைக்கும் கருவி இல்லை. எத்தனாலை விட்டவுடன் திட்டு மங்குவதைப் பார்த்தே, ரெசின் எந்த அளவுக்குப் பலன் தரும் என்று மருத்துவர் முன்கூட்டிக் கணிக்கிறார். ஆழமான திட்டு முழுமையாக மறையாமல் போவதும் உண்டு. அதை அவர் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்.

தங்கையின் ஒரு பல்லில் மட்டும் குழிகள் இருந்தன. அதற்குப் பல்லின் நிறத்திலான காம்போசிட் என்ற ரெசின் அடைப்பை வைத்தார். எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் ரெசின் இறுகப் பற்றும் என்பதை 1955இல் மைக்கேல் பூனகோர் காட்டியதிலிருந்து வளர்ந்த நுட்பம் இது; இன்றைய ஒட்டும் பல் மருத்துவம் முழுவதற்கும் அதுவே அடித்தளம். ஃபுளோரைடு பாதித்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகுவதில்லை என்பதால் வழக்கத்தைவிட நீண்ட நேரம் அமிலம் வைக்க வேண்டியிருக்கும். எங்கள் பகுதியில் வேலை செய்யும் மருத்துவர்களுக்கு இது பழக்கம். பிற ஊர்களில் சிகிச்சை பெறுபவர்கள் தாங்கள் வளர்ந்த ஊரைச் சொல்லிவிடுவது நல்லது. காம்போசிட் நாளடைவில் காபியிலும் டீயிலும் நிறம் ஏறும், ஓரம் உடையும். ஆனால் அதை மெருகேற்றலாம், உடைந்த இடத்தில் மட்டும் மேலும் சேர்க்கலாம்.

வெனீர் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அதைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1930களில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் ஹாலிவுட் நடிகர்களுக்குப் படப்பிடிப்பு நேரத்தில் மட்டும் ஒட்டி எடுக்கும் மெல்லிய ஓடுகளைச் செய்துகொடுத்தார். 1980களில் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் அரித்து ரெசினால் பல்லோடு பிணைக்கும் முறை வந்த பிறகுதான் அது நிலையான சிகிச்சையாயிற்று. கறை மிக ஆழமாக, மேற்பரப்பு பரவலாக உடைந்து கிடக்கும் பற்களுக்கு வெனீர் மிகச் சிறந்த தெரிவு. அரை மில்லிமீட்டர் அளவில் எனாமலுக்குள்ளேயே செதுக்கி நிறுத்தினால் பிணைப்பு வலுவாக இருக்கும். டென்டின் வரை போய்விட்டால் அந்த வலு குறையும். இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்கு முதலில் அந்தப் பழக்கத்துக்குத் தட்டு செய்துகொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பீங்கான் விரிசல் விடும்.

கேப் போடுவதையே நான் எதிர்ப்பதாக யாரும் எண்ண வேண்டாம். என் அம்மாவின் கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை நரம்பு வரை போய் வேர் சிகிச்சை செய்தபோது, கேப் போடாமல் விட்டுவிடலாமா என்று அம்மா கேட்டார். மருத்துவர் கண்டிப்பாக மறுத்தார். சொத்தையும் சிகிச்சையுமாகச் சேர்ந்து அந்தப் பல்லின் உட்பகுதி பெருமளவு போயிருந்தது. மெல்லும் விசை முழுவதும் விழும் இடத்தில், மெலிந்த சுவர்கள் நெடுக்காகப் பிளந்தால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அங்கே கேப் என்பது மீதமுள்ள பல்லைக் கட்டிக்காக்கும் கவசம். அம்மாவுக்குச் சிர்கோனியா என்ற உறுதியான பீங்கான் வகையில் கேப் போட்டோம். வேர் சிகிச்சை முடிந்து வலி நின்றதும் கேப்புக்கு வராமலே இருந்துவிடுபவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். சில மாதங்களில் பல் உடைந்து வருகிறார்கள். தேவையில்லாத முன்பல்லுக்குக் கேப்பும், தேவையான கடைவாய்ப்பல்லுக்குக் கேப் இல்லாமையும் ஒரே தெருவில் நடப்பதுதான் என்னை வருத்துகிறது.

அப்பாவுக்கு ஒரு கடைவாய்ப்பல் விழுந்து நெடுநாளாகியிருந்தது. இடத்தை நிரப்ப மூன்று வழிகள் இருந்தன. கழற்றி மாட்டும் செட் மலிவானது, பழகக் கொஞ்ச நாள் ஆகும். பாலம் என்று சொல்லும் நிலையான பல்லுக்கு இரு பக்கத்துப் பற்களையும் செதுக்கிக் கேப் போட வேண்டும். இம்பிளாண்ட் என்பது தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து அதன்மேல் பல் பொருத்துவது. டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக இணைகிறது என்பதைக் கண்ட ஸ்வீடன் நாட்டு பிரானெமார்க் 1965இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அதைப் பொருத்தினார். செலவு அதிகம், எலும்பு பிடிக்கச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும், ஆனால் பக்கத்துப் பற்களைத் தொட வேண்டாம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வரச் சொன்னார்கள். கட்டுப்படாத சர்க்கரையும் புகைப்பழக்கமும் புண் ஆறுவதையும் எலும்பு பிடிப்பதையும் கெடுக்கும். பக்கத்துப் பற்கள் இரண்டும் ஏற்கெனவே பெரிதாக அடைக்கப்பட்டிருந்தால் பாலமே பொருத்தமாக இருக்கும் என்றும் சொன்னார்கள். அப்பாவுக்கு அவை நல்ல பற்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு இம்பிளாண்ட் பொருத்தினார்கள்.

பணம் ஒரு தடை என்பதை நான் அறிவேன். தனியார் மருத்துவமனையில் கேட்கும் தொகைக்கு அஞ்சி மொத்தமாக விட்டுவிடுபவர்களுக்கு, 1953இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களும், பல் மருத்துவக் கல்லூரிகளின் பயிற்சிப் பிரிவுகளும் உள்ளன. நேரம் கூடுதலாக எடுக்கும். ஆனால் பேராசிரியர்களின் மேற்பார்வையில் ஒவ்வொரு படியும் நடக்கிறது. எங்கே போனாலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: இந்தச் சிகிச்சையில் என் பல்லில் எவ்வளவு போகும், இதைப் பின்னால் திருப்ப முடியுமா, கெட்டுப்போனால் அடுத்து என்ன செய்வீர்கள், இதைவிடக் குறைவாக நீக்கும் வழி இல்லையா? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் பல்லை ஒப்படைக்கலாம். முகூர்த்த நாளைச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். தங்கைக்குச் செய்த அனைத்துக்கும் சில மாதங்கள் தேவைப்பட்டன. அவளுடைய பற்கள் விளம்பரத்தில் வரும் வெண்மையில் இல்லை. சீரான, இயல்பான நிறத்தில், அவளுடைய சொந்தப் பற்களாகவே இருக்கின்றன.

சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு செய்தி. வீட்டில் இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கிறீர்கள் என்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் அந்த நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். காய்ச்சுவதால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டுவதால் செறிவு கூடத்தான் செய்யும், ஆர்.ஓ. கருவி அதைப் பெருமளவு நீக்கும். மேல் முன்பற்களைப் பொறுத்தவரை முதல் மூன்று ஆண்டுகளே மிக முக்கியமானவை. ஃபுளோரைடு கலந்த பற்பசைக்கு அஞ்ச வேண்டாம், சொத்தையைத் தடுக்க அது தேவை. மூன்று வயது வரை ஓர் அரிசியளவும், பிறகு ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் வைத்து, விழுங்காமல் துப்பப் பழக்கினால் போதும். குழந்தைக்குக் கறை வந்துவிட்டாலும் மைக்ரோஅப்ரேஷன், ரெசின் ஊடுருவல் போன்றவற்றைப் பல் முழுமையாக முளைத்த பிறகு பள்ளிப் பருவத்திலேயே செய்யலாம். வெனீர், கேப் போன்றவற்றை ஈறின் நிலை முதிர்ந்து பல்லின் உள்நரம்பு சுருங்கும் வரை, ஏறத்தாழ பதினெட்டு இருபது வயது வரை, தள்ளிப்போடுவதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.